பாட்டில்லாமல் ஆடிய ஹெல்கா

விழாக்களுக்கு வரும் வெளிநாட்டுக் கலைஞர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அறை போடுவது, வண்டி சொல்வது, யாருக்குக் காரம் ஆகாது என்று சமையல்காரரிடம் சொல்லிவைப்பது, இதைப் பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. ஒரு விழா முடிவதற்குள் அது தானாகக் கைக்கு வந்துவிடும். போன கூட்டத்தில் உங்களில் ஒருவர் என்னிடம், "மேடையில் ஏதாவது கோளாறாகிவிட்டால் ஜனங்களிடம் எவ்வளவு சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?" என்று கேட்டார். அதற்கு விதி ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. குற்றாலத்தில் ஒரு சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். விதி ஏதாவது தென்பட்டால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். நான் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். குற்றாலத்தில் சாரல் காலத்துக்காகத் தென்காசி வியாபாரிகள் சிலர் சேர்ந்து கலைவிழா நடத்துவார்கள். அந்த வருஷம் எப்படியோ ஒரு வெளிநாட்டு நடனக் குழுவைப் பிடித்துவிட்டார்கள். ஜெர்மனி, ஹாலந்து, ஜப்பான், மெக்சிகோ என்று பல நாட்டு ஆட்களும் சேர்ந்த குழு அது. மதுரையில் ஆடிவிட்டுத் திருவனந்தபுரம் போகும் வழியில் எங்கள் ஊரில் இரண்டு நாள். பழைய ராஜா ராணி ஆட்டமில்லை, இந்தக் காலத்துப் புது நடனம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். புது நடனம் என்றால் என்ன என்று நோட்டீஸ் அடித்தவர்களுக்கும் தெரியாது.

விழாக் குழுவின் செயலாளர் அரிசி மில் வைத்திருந்தார். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். அவர்தான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டார்.

"பொம்பளையளும் வருதாவ. அவியகூட இங்கிலீஷ் பேசுததுக்கு ஒரு பொம்பளை ஆளு வேணும். டீச்சர விட்டா எனக்கு வேற நாதி இல்ல."

அம்மாவுக்கு இஷ்டமில்லை. கல்யாணமாகாத பெண் வெள்ளைக்காரர்களோடு லாட்ஜில் ஏறி இறங்கினால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று கவலைப்பட்டாள். அப்பா, "ரெண்டு நாள்தான, போயிட்டு வரட்டும்" என்றார். அந்த இரண்டு நாள் எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் நீண்டுவிட்டது என்பது வேறு விஷயம்.

குழுவின் தலைவர் வில்லெம், ஹாலந்துக்காரர். நெடுநெடுவென்று உயரம், எதற்கெடுத்தாலும் கடிகாரத்தைப் பார்ப்பார். குழுவில் எனக்கு முதலில் பழக்கமானவர் ஹெல்கா என்ற ஜெர்மன் பெண். நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். காலையில் அருவியில் பெண்கள் பக்கம் அழைத்துப்போனேன். சேலையோடு நின்ற கூட்டத்துக்கு நடுவே ஒரு நீளமான கவுனைப் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து அப்படியே நின்றார். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் தாமாகவே நகர்ந்து தண்ணீர் நன்றாக விழும் இடத்தை அவருக்குக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும், "இவர்களுக்கு என்னை யார் என்றே தெரியாதே, ஏன் இடம் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். உங்களுக்குக் குளிர்கிற மாதிரி தெரிந்திருக்கும் என்றேன்.

நிகழ்ச்சி சாயங்காலம். மெயின் அருவிக்குப் போகும் பாதையை ஒட்டி ஒரு பெரிய தகரக் கொட்டகையில் மேடை போட்டிருந்தார்கள். டிக்கெட் கிடையாது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நேராக வந்து உட்கார்ந்தவர்கள் நிறைய. வடகரை, செங்கோட்டை ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். புளியறைப் பக்கம் லாரி ஓட்டுகிறவர்கள்கூட வண்டியை நிறுத்திவிட்டு வந்து பின்னால் நின்றார்கள். வெளியே சாரல் விழுந்தபடி இருந்தது.

முதல் உருப்படி ஜப்பான்காரரின் மேளத்தோடு நான்கு பேர் ஆடுவது. தொடங்கப் போகிற நேரத்தில் அவர் மேளத்தைத் தட்டிப் பார்த்தார். ஈரக் காற்றில் தோல் தொய்ந்துபோய்த் தொப்புத் தொப்பென்று சத்தம். கரியடுப்பு கொண்டுவந்து மேளத்தை அனலில் காட்டவேண்டும் என்றார்கள். வில்லெம் கடிகாரத்தைப் பார்த்தார். நடுவில் வரவேண்டிய ஹெல்காவின் தனி ஆட்டத்தை முதலில் விடுவது என்று முடிவு செய்தார். அதை யாரிடமும் சொல்ல நேரமில்லை. நான் கரியடுப்புக்காக ஓடியிருந்தேன். திரும்பி வந்தபோது திரை விலகியிருந்தது. ஹெல்கா மேடையில் நின்றிருந்தார்.

கணுக்கால் வரை சாம்பல் நிற உடை. அலங்காரம் ஒன்றும் இல்லை. அந்த ஆட்டத்துக்குப் பாட்டும் கிடையாது, வாத்தியமும் கிடையாது. சத்தமில்லாமல் ஆடுவதற்கென்றே அவர் செய்த ஆட்டம் அது. கொட்டகையில் இருந்த யாருக்கும் இது தெரியாது.

முதலில் ஜனங்கள் மரியாதையாகத்தான் இருந்தார்கள். பாட்டு வரும் என்று காத்திருந்தார்கள். பாட்டு வரவில்லை. ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "ஏலே, செட்டு அவுட்டுலே" என்றது. அவ்வளவுதான், கொட்டகை முழுக்கப் பிடித்துக்கொண்டது. "பாட்டைப் போடுங்கய்யா." "பாய், தூங்குதீரா?" விசில் பறந்தது. உட்கார்ந்திருந்த பலகையில் தட்டினார்கள்.

ரேடியோ செட் வைத்திருந்தவர் வடகரை மைதீன் பாய். மைக், ஒலிபெருக்கிக் குழாய், இசைத்தட்டு எல்லாம் அவர் பொறுப்பு. மேடைக்குக் கீழே ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தார். எந்த இசைத்தட்டை எந்த நேரத்தில் போடவேண்டும் என்று வில்லெம் சொல்லியிருந்த வரிசை மாறிவிட்டதால் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வயரை அசைத்துப் பார்த்தார், ஊசியை ஊதிப் பார்த்தார். கூட்டம் கத்துவதைத் தாங்கமாட்டாமல் கையில் கிடைத்த ஒரு சினிமாப் பாட்டை வைத்துவிட்டார். குழாயில் அது முழுச் சத்தத்தோடு கிளம்பியது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

ஹெல்கா தூக்கிய கையோடு நின்றுவிட்டார். ஒரு நிமிஷம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டு நடந்து உள்ளே வந்துவிட்டார்.

திரை இழுக்கிறவர் என் முகத்தைப் பார்த்தார். கயிறு அவர் கையில் இருந்தது. "போடாதீங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். திரை விழுந்தால் அந்த ஆட்டம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள், ஹெல்காவும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். விளக்கு எரிகிற வெறும் மேடையென்றால் இன்னும் யாரோ வரப்போகிறார்கள் என்று அர்த்தம். அந்த நேரத்தில் இவ்வளவு தெளிவாக நினைத்தேனா என்றால், இல்லை. வாயில் வந்தது.

உள்ளே ஹெல்கா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அழவில்லை. முகம் வெளிறியிருந்தது.

"என் ஊரிலும் இப்படித்தான் விசிலடித்து என்னை இறக்கினார்கள்" என்றார். "அந்தச் சத்தத்தை மறுபடியும் கேட்கக்கூடாது என்றுதான் இத்தனை தூரம் வந்தேன். நாளைக்கு எனக்குப் பதிலாக வேறு எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். நான் ஊருக்குப் போகிறேன்."

வில்லெம் அவர் பக்கத்தில் மண்டியிட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. அதற்குள் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"டீச்சர், கூட்டம் பொறுக்காது. இவியளுக்குப் பெறவு வச்சிருக்க நம்மூருக் கரகாட்டக்காரவள இப்பமே ஏத்திருதேன். இவிய பெறவு சாவகாசமா பாத்துக்கிடட்டும்."

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி."

"எவ்வளவு பொறுக்க? பலகைய ஒடச்சிருவானுவ."

இந்த இடத்தில் நான் செய்த ஒரு காரியத்தை மட்டும் உங்களுக்கு அழுத்தமாகச் சொல்கிறேன். நான் மேடையின் பக்கப் படுதா ஓரத்துக்குப் போய் நின்று கூட்டம் என்ன சொல்கிறது என்று காதுகொடுத்துக் கேட்டேன். சத்தத்தைக் கேட்பது வேறு, வார்த்தையைக் கேட்பது வேறு. முன்வரிசையில் ஒருவர் மைதீன் பாயைத் திட்டிக்கொண்டிருந்தார். "தேசம் விட்டு தேசம் வந்த பிள்ளை, அது பாவம் எம்புட்டு நேரம் சும்மா நிக்கும்? நல்ல செட்டாக் கொண்டாந்தா என்ன ஓய்?" இன்னொருவர், "அந்தம்மா கோவிச்சிட்டுப் போயிட்டுலே, யாராவது போய்ச் சமாதானம் சொல்லுங்க" என்றார். ஒருவர்கூட ஹெல்காவைக் குறை சொல்லவில்லை.

நான் திரும்பி வந்து ஹெல்காவின் முன்னால் உட்கார்ந்தேன்.

"அவர்கள் உங்களைத் திட்டவில்லை."

"எனக்கு விசில் என்றால் என்னவென்று தெரியும்."

"உங்கள் ஊர் விசில் தெரியும். இது வேறு. ரேடியோ செட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். உங்களுக்குப் பாட்டுப் போடாமல் நிற்கவைத்துவிட்டானே என்று செட்காரரைத் திட்டுகிறார்கள். இவ்வளவு நேரமும் உங்களுக்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்."

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். அந்த நேரம் மைதீன் பாயே உள்ளே வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, அவியகிட்ட சொல்லுங்க. மிஷின் நல்லாத்தான் இருக்கு. நான்தான் பயந்துட்டேன். கூட்டம் கத்தவும் என்ன செய்யன்னு தெரியல, கையில ஆம்புட்டத வச்சிட்டேன். வந்த விருந்தாளிய இப்படிப் பண்ணிட்டமேன்னு மனசு கெடந்து அடிக்கி."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஹெல்கா செருப்பு வாரைப் பிடித்தபடியே அவரைப் பார்த்தார். மைதீன் பாய் தரையைப் பார்த்தார்.

"அவர் வைத்த பாட்டு நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லுங்கள்" என்றார் ஹெல்கா. "என் ஆட்டத்துக்குத்தான் சேரவில்லை."

அதைத் தமிழில் சொன்னதும் மைதீன் பாய்க்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஹெல்கா சிரித்தார். பிறகுதான் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. செருப்பைக் கழற்றினார்.

"பாட்டு கிடையாது என்று அவர்களிடம் சொல்லமுடியுமா?"

"சொல்கிறேன். கதை என்ன என்று கேட்பார்கள். என்ன சொல்லட்டும்?"

"கதை வேண்டாம். பாட்டு இல்லை என்பது மட்டும் போதும்."

நான் மைக்குக்குப் போகும்போது அண்ணாச்சி என்னை ஓரமாக நிறுத்தினார். குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"டீச்சர், நான் சொல்லுதத கேளுங்க. அசோகவனத்துல சீதைன்னு சொல்லிருங்க. ஒத்தையில நிக்கா, வாயத் தொறந்து பேசமாட்டேங்கா, பொருத்தமாத்தான இருக்கு? நம்ம ஜனம் மூச்சு விடாம உக்காந்திரும். அந்தப் பிள்ளையும் ஆடி முடிச்சிரும். அவியளுக்குத் தமிழு தெரியவா போகுது? இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

அது கெட்ட யோசனை என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். அவர் கெட்ட மனிதரும் இல்லை. இரண்டு பக்கமும் மனம் நோகாமல் காரியம் முடியவேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னார். சொன்னால் பலிக்கும் என்றும் எனக்குத் தெரியும். மைக் வரை நடந்துபோகும்போது சொல்லிவிடலாம் என்றுதான் பாதி மனசு இருந்தது. ஆனால் ஹெல்கா படுதா ஓரத்தில் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியாது. அதனாலேயே எனக்கு வாய் வரவில்லை. புரிகிறவர்களிடம் பொய் சொன்னால் அவர்கள் மறுத்துப் பேசலாம். இவர் என்ன செய்வார்? நான் சொன்னதைத்தான் தன் ஆட்டமென்று இத்தனை பேர் முன்னால் ஆடிக்கொண்டிருப்பார், தனக்கே தெரியாமல்.

மைக்கைப் பிடித்தேன். வகுப்பில் பேசிப் பழக்கம் உண்டு. இவ்வளவு பெரிய கூட்டத்தின் முன்னால், அதிலும் பாதிப்பேர் ஆண்கள், நின்றதில்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. ரேடியோ செட்டுல கோளாறு ஒண்ணும் இல்ல. மைதீன் பாயை யாரும் திட்டாதீங்க. இந்த ஆட்டத்துக்குப் பாட்டே கிடையாது. சத்தம் இல்லாமதான் இதை ஆடுவாங்க."

"சத்தம் இல்லாம எப்படி டீச்சர் ஆடுவாவ?" என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார்.

"எனக்கும் தெரியாது. நானும் இப்பதான் பாக்கப்போறேன்."

கொஞ்சம் சிரிப்பு வந்தது. "கதை என்னன்னு சொல்லுங்க" என்று இன்னொரு குரல். பக்கத்தில் அண்ணாச்சியின் உதடு 'சீதை' என்று அசைவது தெரிந்தது.

"கதை எனக்குத் தெரியாது. கேட்டேன், அவங்க சொல்லல. நீங்க பாத்துட்டு உங்களுக்கு என்ன தோணுதோ எங்கிட்ட வந்து சொல்லுங்க. நான் அப்படியே அவங்ககிட்ட சொல்லுறேன்."

மைதீன் பாய் எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி செட்டை அணைத்துவிட்டு, மேசையை விட்டு விலகிக் கைகட்டி நின்றார். இனி அதிலிருந்து ஒன்றும் வராது என்று கொட்டகைக்குத் தெரிந்துவிட்டது.

ஹெல்கா வந்தார். முதலிலிருந்து ஆரம்பித்தார். கொட்டகை உடனே அமைதியாகிவிட்டது என்று சொன்னால் அது உண்மையில்லை. ஒரு குழந்தை அழுதது. யாரோ "ஊமைப்படம்லே" என்றான், பத்துப் பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஹெல்காவின் தோள் ஒரு கணம் இறுகியதை நான் பார்த்தேன். இன்னொருவன் "சும்மா இரேம்லே" என்று அதட்டினான். பின்வரிசையில் சிலர் எழுந்துபோனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். தகரத்தின் மேல் சாரல் விழுவதும், பலகையில் அவர் கால் பதிவதும் கேட்டது. எதையோ பாரமாகத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி வந்தார். இறக்கி வைத்தார். விலகி நின்று அதையே பார்த்தார். போகப் பார்த்தார், போகவில்லை. திரும்பி வந்து மறுபடியும் தூக்கிக்கொண்டார். நான் சொல்லும்போது இவ்வளவுதான் இருக்கிறது. பார்க்கும்போது அப்படி இல்லை.

முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் தலை குனிந்து வணங்கிய பிறகுதான் கைதட்டினார்கள். பெரிய கைதட்டல் இல்லை. அடுத்து மேளம் வந்தது, கொட்டகை அதற்குத்தான் குதித்தது. கரகாட்டத்துக்கு இன்னும் அதிகம். ஹெல்காவை எல்லோரும் மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

நிகழ்ச்சி முடிந்து நாங்கள் மேடைக்குப் பின்னால் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். வந்து சொல்லுங்கள் என்று நான் மைக்கில் சொன்னது எனக்கே ஞாபகமில்லை. அவர்களுக்கு இருந்தது. ஒருவர், பட்டாளத்துக்குப் போன மகனின் பெட்டியைத் தாய் தூக்கிக்கொண்டு போகிறாள் என்றார். ஒரு பையன், திருடின பொருளை வைக்க இடம் தெரியாமல் முழிக்கிறாள் என்றான். தென்காசிக் கடைக்காரர் ஒருவர், "எனக்கு ஒண்ணும் வெளங்கலம்மா, ஆனா பொய் சொல்லக்கூடாதுல்லா" என்றார். எதையும் மெருகேற்றாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். கடைக்காரரின் கையை ஹெல்கா ரொம்ப நேரம் குலுக்கினார்.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். வடகரைப் பக்கம் வயல்வேலை செய்கிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும். தங்கை குடும்பத்தோடு குளிக்க வந்தவள். அவர்கள் பஸ்ஸுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "நீங்க போயி எடம் போடுங்க, வாரேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், எனக்குக் கதையெல்லாம் சொல்லத் தெரியாது. அவியகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இறக்கி வச்சாவள்லா? கஷ்டப்பட்டு இறக்கி வச்சாச்சு. அங்கனயே விட்டுட்டுப் போயிருக்கலாம்லா. எதுக்கு மறுபடியும் தூக்குனாவ?"

நான் ஹெல்காவிடம் சொன்னேன். அதுவரை யார் என்ன சொன்னாலும் தலையசைத்துக்கொண்டிருந்தவர், இதற்கு அசைக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தார். பிறகு என்னிடம், "அவர் விட்டுவிட்டுப் போயிருப்பாரா என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். ஈரத் தலைமுடியை இழுத்துப் பின்னால் முடிந்துகொண்டாள்.

"மாட்டேன்" என்றாள்.

நான் மொழிபெயர்க்கவில்லை. ஹெல்கா ஏற்கெனவே அவள் கையைப் பிடித்திருந்தார். இந்த வேலையில் நாம் வாயை மூடிக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்கவேண்டிய நேரமும் உண்டு. நான் தள்ளி நின்றேன். பஸ் ஹாரன் அடித்ததும் அந்தப் பெண் கையை விடுவித்துக்கொண்டு ஓடினாள்.

வில்லெம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் பழைய வரிசைப்படியே வைத்துக்கொள்ளலாம், மேளம்தான் முதலில் என்றார். ஹெல்கா பெட்டியை மூடியபடியே, "வேண்டாம், நாளைக்கும் நான்தான் முதலில்" என்றார்.

நான் வெளியே போய் மைதீன் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஏணியில் பாதி ஏறி, குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பம் நாளைக்கு நான் கொஞ்சம் லேட்டா வந்தாலும் பாதகமில்லன்னு சொல்லுதீய" என்றார்.

"சீக்கிரமே வாங்க பாய். முன்னால உக்காந்து பாக்கணும்லா."

"அது சரி" என்று சொல்லிவிட்டு மீதிப் படிகளையும் ஏறினார்.